உயர் ஐக்யூ சங்கத்தில் சேர்வது எப்படி? மதுரையில் இருந்தபடியே செய்யலாம்

மென்சா என்ற உயர் ஐக்யூ சங்கத்துக்கு நான் முதலில் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் முறைதான் சேர்ந்தேன். நடுவில் போன எட்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தச் சங்கம்?

மென்சா 1946இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோலண்ட் பெரில், லான்ஸ்லாட் வேர் இருவரும் தொடங்கியது. ஐக்யூவில், அதாவது அறிவுத்திறன் தேர்வின் மதிப்பெண்ணில், மேல் 2 சதவீதத்துக்குள் வர வேண்டும், அதாவது ஐம்பதில் ஒருவர். 1966இல் வந்த இன்டர்டெல் நூற்றில் ஒருவரைக் கேட்கும். 1978இல் வந்த ட்ரிபிள் நைன் சொசைட்டி ஆயிரத்தில் ஒருவரை. மெகா சொசைட்டிக்கோ பத்து லட்சத்தில் ஒருவர். புதிதாக வருகிறவர்கள் மென்சாவில் தொடங்குங்கள். லத்தீனில் மென்சா என்றால் மேசை. எல்லோரும் சமமாக உட்காரும் வட்டமேசை என்ற பொருளில் வைத்த பெயர். தகுதியுள்ள புலவர் வந்தால் தானே வளர்ந்து இடம் கொடுக்கும் சங்கப்பலகையின் கதையை, பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து அப்பா சொல்லக் கேட்டவன் நான். இந்தப் பெயர் எனக்கு உடனே பிடித்துப்போனது.

தேர்வு

இணையத்தில் இருபது நிமிடத்தில் எழுதி வாங்கும் சான்றிதழை எந்த நல்ல சங்கமும் ஏற்காது. நான் அனுப்பியது அதைத்தான். 141 என்று போட்டுத் தங்க நிறக் கரையெல்லாம் வைத்திருந்தார்கள்.

மென்சா தன் மேற்பார்வையில் நடத்தும் தேர்வை எழுதலாம். இல்லையென்றால் உளவியலாளர் நேரில் நடத்திய, அங்கீகரிக்கப்பட்ட தேர்வின் அறிக்கையை அனுப்பலாம். எந்தத் தேர்வுகளை ஏற்பார்கள் என்று பணம் கட்டும் முன்பே மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது வழியில் போனேன். மதுரையிலேயே முடிந்தது. உளவியலாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண். அது அறிக்கையில் இருக்க வேண்டும்.

எனக்கு வைத்தது பெரியவர்களுக்கான வெக்ஸ்லர் தேர்வு. ஒன்றரை மணி நேரம் ஆனது. சிவப்பும் வெள்ளையுமான சின்னக் கட்டைகளை மேசையில் கொட்டி, அட்டையில் இருக்கும் வடிவத்தை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் நிறுத்துக் கடிகாரம். எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். முன்பே பார்த்துவிட்டு எழுதினால் அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. நன்றாகத் தூங்கிவிட்டுக் காலை நேரமாக வாங்கிப் போங்கள், அதுதான் தயாரிப்பு. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

எண்ணைப் படிப்பது

இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். அறிக்கையில் 133 என்று இருந்தது. மென்சாவுக்கு 148 வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். மனசு விட்டுப்போய், தாளை அலமாரியில் வைத்து இரண்டு மாதம் தொடவே இல்லை.

விஷயம் இதுதான். எல்லாத் தேர்விலும் சராசரி 100. அதிலிருந்து ஒரு படி ஏற எத்தனை புள்ளி என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். இதைத் திட்டவிலக்கம் என்பார்கள். வெக்ஸ்லரில் 15, பழைய ஸ்டான்ஃபோர்டு பினேயில் 16, கேட்டல் மூன்று பி தேர்வில் 24. மேல் 2 சதவீதம் என்பது ஏறக்குறைய இரண்டு படி. ஆக, வெக்ஸ்லரில் 130, பினேயில் 132, கேட்டலில் 148. மூன்றும் ஒரே உயரம்தான். நான் வெக்ஸ்லர் எழுதிவிட்டுக் கேட்டல் எண்ணோடு ஒப்பிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதே தாளில் நாலு வரி கீழே பர்சென்டைல் 99, அதாவது நூறு பேரில் 99 பேரைவிட மேல், என்று இருந்ததைப் பார்க்கவே இல்லை. அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பர்சென்டைலைப் பாருங்கள், அப்புறம் தேர்வின் பெயர், பதிப்பு. ‘ஐக்யூ 145’ என்று மட்டும் யாராவது சொன்னால், எந்தத் தேர்வில் என்று கேளுங்கள்.

அனுப்புவது

கையெழுத்து, முத்திரை, தேதி, பதிவு எண் நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், மடிப்பும் நிழலும் விழும். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாக வாங்கிவிடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1: ‘எனக்கும் 133, பர்சென்டைல் 99. இன்டர்டெல்லுக்குப் போதுமா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. 133க்குச் சரியான கணக்கு 98.6தான், அறிக்கையில் முழு எண்ணாக்கி 99 என்று போடுகிறார்கள். வெக்ஸ்லரில் 99ஐத் தொட 135 வேண்டும்.

பின்சேர்க்கை 2: உசிலம்பட்டியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். மகன் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டதால் அந்தப் பகுதியில் மட்டும் மதிப்பெண் சரிந்து, மொத்தமும் இறங்கிவிட்டதாம். படித்ததும் வருத்தமாக இருந்தது. பையனுக்குத் தெரியாதது ஆங்கிலச் சொல், அதை அறிவுக் குறைவாகக் கணக்கு எழுதக் கூடாது. அக்கா, அடுத்த முறை ரேவன் தேர்வு உண்டா என்று கேளுங்கள். அறுபது வடிவங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு விடுபட்டிருக்கும், பொருந்தும் துண்டைக் காட்டினால் போதும், படிக்க ஒரு சொல்கூட இல்லை. விளக்கத்தைத் தமிழில் சொல்வார்களா என்பதையும் நேரம் குறிக்கும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.