எந்தக் காபிக்கு எந்தக் கிரைண்டர்?

காபி கிரைண்டரில் எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எஸ்பிரெஸோ (அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி இறக்கும் கெட்டிக் காபி) போடுவீர்களா, மாட்டீர்களா? அதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் பிளேடு கிரைண்டரை ஒதுக்கிவிடலாம். அது கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. மாவும் இருக்கும், பெரிய துண்டும் இருக்கும். மாவிலிருந்து கசப்பு இறங்கும். துண்டு சரியாக ஊறாமல் புளிப்பை மட்டும் விடும். இரண்டும் ஒரே கோப்பையில் வந்தால் கொட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. பர் கிரைண்டரில் இரண்டு பல்வட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் பொடியின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளியை எவ்வளவு நுணுக்கமாக மாற்றலாம், மாற்றியபின் அசையாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எஸ்பிரெஸோவுக்கு நுணுக்கம் முக்கியம். 18 கிராம் பொடியிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 9 பார் அழுத்தத்தில் தண்ணீர் பாயும்போது பொடியின் அளவு துளி மாறினாலும் இந்தக் கணக்கு தப்பிவிடும். அளவுத் திருகின் ஒரு கிளிக்குக்கு 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) நகரும் கைக் கிரைண்டரில், நமக்கு வேண்டிய இடம் பெரும்பாலும் இரண்டு கிளிக்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். 10 மைக்ரானை ஒட்டி நகர்வதோ, கிளிக்கே இல்லாமல் வழுக்கிச் சுழல்வதோ வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் மொத்தப் படிகளின் (அளவு மாற்றும் நிலைகளின்) எண்ணிக்கையை நம்ப வேண்டாம். பரட்சா நிறுவனத்தின் என்கோர் மின் கிரைண்டரிலும் 40 படிகள், அதன் இன்னொரு வடிவமான என்கோர் ஈஎஸ்பியிலும் 40 படிகள். ஆனால் ஈஎஸ்பியில் முதல் 20 படிகளை எஸ்பிரெஸோவுக்கென்றே நெருக்கி வைத்திருக்கிறார்கள். சாதா என்கோர் போர் ஓவருக்கு (காகித வடிகட்டியில் பொடி போட்டு மேலே வெந்நீர் ஊற்றி வடிப்பது) தாராளம், எஸ்பிரெஸோவுக்கு இழுபறிதான்.

போர் ஓவரில் படிகளைவிடப் பொடி ஒரே அளவாக விழுவதுதான் பெரிது. மாவு கூடினால் காகித வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். மூன்று நிமிடத்தில் வடிய வேண்டியது ஐந்தைத் தாண்டும். பொடியை ஊறவைத்து அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குக் கல் உப்பு மாதிரி கொரகொரப்பு வேண்டும். மலிவான கைக் கிரைண்டர்கள் பல இங்கேதான் சறுக்கும். வட்டைச் சுழற்றும் தண்டுக்கு மேலே மட்டும் பிடிமானம் இருந்தால், இடைவெளியைக் கூட்டக் கூட்ட கீழ் வட்டு ஆடும். வாங்கும் முன் தண்டுக்கு இரண்டு இடத்தில் பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த நீரில் மணிக்கணக்கில் ஊறவைக்கும் கோல்ட் புரூவுக்கும் இதே கொரகொரப்பு போதும். அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாட்டுக்கு எஸ்பிரெஸோவைவிடச் சற்றுப் பெரிய பொடி. நல்ல பர் எதுவும் சமாளித்துவிடும். பொடியை வடிகட்டாமல் கொதிக்கவைக்கும் டர்கிஷ் காபி குடிப்பவர்கள் மட்டும் மாவு பதம் வரை இறங்குமா என்று விசாரித்து வாங்குங்கள், பல மின் கிரைண்டர்களால் அது முடியாது.

கையா, மின்சாரமா? ஒன்றிரண்டு கோப்பைக்குக் கைக் கிரைண்டரே என் தேர்வு. அதே பணத்துக்கு அதில் நல்ல பர் கிடைக்கும், மோட்டாருக்குக் காசு போகாது. ஆனால் லைட் ரோஸ்ட் (லேசாக வறுத்த) கொட்டை கெட்டி. அதை எஸ்பிரெஸோவுக்குக் கையால் அரைப்பது காலையில் தேவையில்லாத உடற்பயிற்சி. நாலு பேருக்குப் போடுகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மின்சாரம்தான்.

ஒரே கிரைண்டரை எஸ்பிரெஸோவுக்கும் போர் ஓவருக்கும் மாற்றி மாற்றித் திருகுவது எனக்குப் பிடிக்காது. திரும்ப எஸ்பிரெஸோ அளவைப் பிடிப்பதற்குள் கொட்டை வீணாகிறது. என் வீட்டில் எஸ்பிரெஸோவுக்கு மின் கிரைண்டர், மற்றதற்கெல்லாம் கைக் கிரைண்டர். இரண்டுக்கும் இடமோ பணமோ இல்லையென்றால் தினமும் எதைக் குடிக்கிறீர்களோ அதற்கு வாங்குங்கள், எப்போதாவது குடிப்பதற்கு அல்ல.

வாங்கியபின் சில விஷயம். எஃகு பர்ரைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், துருப்பிடிக்கும், பிரஷ் போதும். பொடி சுவரெல்லாம் ஒட்டினால், அரைக்கும் முன் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கலக்குங்கள். அப்புறம், மின் கிரைண்டரில் கொட்டை இருக்கும்போது மோட்டார் ஓடாமல் நைஸ் பக்கம் திருகாதீர்கள், வட்டுகளுக்கு நடுவே துண்டுகள் சிக்கி இறுகிவிடும்.