‘பெத்த பிள்ளைதானே, பொறுத்துப் போங்க’: வீட்டில் வதைபடும் முதியவருக்கு உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எதிர் வீட்டில் எழுபத்தைந்து வயதுப் பாட்டி. ராத்திரி மகன் கத்துவது தெருமுனை வரை கேட்கிறது. பாத்திரம் விழுகிற சத்தம், அப்புறம் அமைதி. மறுநாள் காலை நல்ல மனசுள்ள ஒருவர் போய், திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அதே மகனின் முன்னால் கேட்கிறார்: “என்ன பாட்டி, ராத்திரி ஏதோ சத்தம் கேட்டுச்சே?” பாட்டி வேறு என்ன சொல்வார்? “எனக்கென்னப்பா, ராசா மாதிரி பாத்துக்கிறான்.” கேட்டவர் நிம்மதியாகத் திரும்பிவிடுவார். அன்று இரவு, “ஊரெல்லாம் என்னைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்கே?” என்று பாட்டிக்கு இன்னொரு விசாரணை நடக்கும்.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமையைச் சந்திக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் இப்படி ஒரு வீடு நம் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். உதவப் போகிறவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: முதியவரிடம் கேட்காமல் அவருக்காக நாமே முடிவெடுப்பது. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

எல்லோர் முன்னாலும் கேட்பது

தனியாகப் பேச இடம் வேண்டும். வீட்டுக்குள் அது கிடைப்பது கஷ்டம். காது மந்தமானவர் என்றால் நாம் உரக்கப் பேச வேண்டியிருக்கும், வீடு முழுக்கக் கேட்கும். ரேஷன் கடை வரிசை, கோயில் பிரகாரம், சர்க்கரை பார்க்கப் போகும் ஆரம்ப சுகாதார நிலையம் இவையெல்லாம் நல்ல இடங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் உள்ளே வருவதை யாரும் சந்தேகிப்பதில்லை. கூடவே நிற்பவரை “கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்” என்று அனுப்பினாலே இரண்டு நிமிஷம் கிடைக்கும்.

“அடிக்கிறானா?” என்று எடுத்தவுடன் கேட்டால் பதில் ‘இல்லை’தான். பெற்ற மகனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. “பென்ஷன் பணம் யார் எடுத்துட்டு வராங்க?”, “மாத்திரை யார் கொடுக்கிறாங்க?”, “வீட்டுல யாரைப் பார்த்தாவது பயமா இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். ஏடிஎம் அட்டை பேரனிடம் இருக்கிறது, ரகசிய எண் தனக்கே தெரியாது என்று பேச்சோடு பேச்சாக வந்து விழும். அதைக் கேட்டு முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் இருப்பது நம் வேலை.

மருமகளைத்தான் தேடுவது

டிவி சீரியல்கள் நமக்குக் கொடுத்த பாடம் இது. கொடுமை என்றால் மாமியாருக்குச் சோறு போடாத மருமகள். நிஜத்தில் குடித்துவிட்டு வந்து அப்பாவின் சட்டைப் பையைத் துழாவும் மகன் உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு “வீட்டை எழுதிக் கொடுக்கலைன்னா பேரப்பிள்ளையைக் கண்ணால பார்க்க முடியாது” என்று போனில் மிரட்டும் மகள் உண்டு. எல்லோரும் மறந்துபோகிற ஒருவரும் உண்டு, அவர் கணவர். நாற்பது வருஷமாகக் கை நீட்டியவர், மனைவிக்கு எழுபது ஆனதும் நிறுத்திவிடுவார் என்று எப்படி நினைக்கிறோமோ தெரியவில்லை. “இந்த வயசுல என்ன பெரியம்மா சண்டை?” என்று சிரித்துக்கொண்டே கடந்துபோவதைவிட மோசமான பதில் இல்லை.

அடிக்கு மட்டும் கண் வைப்பதும் தவறு. மூக்குக் கண்ணாடியை எடுத்து ஒளித்து வைப்பது, காதுக்கருவிக்கு பேட்டரி வாங்கித் தராதது, மலம் கழித்துவிடுவார் என்று சாப்பாட்டைக் குறைப்பது, தொந்தரவு இல்லாமல் கிடக்கட்டும் என்று தூக்க மாத்திரையைக் கூட்டுவது, நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது எல்லாம் கொடுமைதான்.

பஞ்சாயத்து வைப்பது

நம் ஊரில் கை தானாகப் போகிற மருந்து இது. மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர் என்று நாலு பேரைக் கூட்டி, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, “நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு, நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்று முடித்து, காபி குடித்துவிட்டுக் கலைவது. சண்டைக்கு அது சரி. சண்டையில் இரண்டு பேருக்கும் ஏறத்தாழ சம பலம் இருக்கும். ஒருவர் பயந்து நடுங்கும் வீட்டில் நடப்பது சண்டையே இல்லை. அங்கே பஞ்சாயத்து வைத்தால் பெரியவர் வாயைத் திறந்து சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும், எல்லோரும் போனபிறகு கணக்குத் தீர்க்கப்படும். கால் பிடித்து மன்னிப்புக் கேட்கும் மகனைப் பார்த்து உருகி, “பையன் திருந்திட்டான்” என்று தீர்ப்பு சொல்பவர்கள் அடுத்த வாரம் ஒரு எட்டு வந்து பார்ப்பதில்லை.

மகனைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பதும், பெரியவர் சரி என்று சொன்னபிறகே செய்ய வேண்டிய காரியம்.

‘பாவம், அவனுக்கும் கஷ்டம்’

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வது லேசான வேலை இல்லை. ராத்திரி நாலு முறை எழுந்து துணி மாற்றுபவருக்குக் கோபம் வரும், ஒருநாள் கத்தியும் விடுவார். அவருக்கு ஓய்வு வேண்டும், மாற்று ஆள் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கொடுமையையும் ‘டென்ஷன்’ கணக்கில் எழுதிவிடக்கூடாது. ஆபீஸில் மேனேஜர் எவ்வளவு திட்டினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவருக்கு, வீட்டில் எண்பது வயது அப்பாவிடம் மட்டும் கை ஏன் நீளுகிறது? பல வீடுகளில் பெரியவர் யாருக்கும் பாரமே இல்லை. அவருடைய பென்ஷனில், அவர் கட்டிய வீட்டில்தான் வேலைக்குப் போகாத மகன் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஆயுள் முழுக்கச் சாதுவாக இருந்த கணவர் திடீரென்று மனைவியை அடிக்க ஆரம்பித்தால் மறதி நோயோ, மூளை சம்பந்தப்பட்ட வேறு நோயோ காரணமாக இருக்கலாம். அங்கே முதலில் டாக்டர் வேண்டும். அதுவரை அந்த அம்மா பாதுகாப்பாக இருக்க வழி பண்ணவும் வேண்டும். நோயாளி அடித்தாலும் வலி வலிதான்.

‘அதுக்குப் புத்தி பிசகிடுச்சு’ என்பதை நம்புவது

கொடுமை செய்பவருக்கு இதைவிட வசதியான கேடயம் கிடையாது. மறதி உள்ளவர் தேதியை மறப்பார், சாப்பிட்டதை மறப்பார். தன்னை யார் கிள்ளினார்கள் என்பதைப் பல நேரம் மறப்பதில்லை. குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் உடம்பு சுருங்குகிறதா என்று பாருங்கள், அதுவும் ஒரு பதில்தான். அதே சமயம் நாமாக அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு லேசாக இடித்தாலே முழங்கையில் நீலம் கட்டும். மேல்கையின் உட்புறம், கழுத்து, காதுக்குப் பின்னால், இரண்டு மணிக்கட்டிலும் கட்டிப்போட்டது போன்ற தடம் என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது நல்லது. ‘விழுந்துட்டாங்க’ என்று நாமே சொல்லாமல், நடந்ததைப் பெரியவரையே சொல்லவிட்டு, விபத்துப் பதிவேட்டில் எழுதவைத்து அதன் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வாங்கிவிடுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பின்னால் மகன் “அப்படி ஒண்ணுமே நடக்கல” என்னும்போது இந்த இரண்டு காகிதங்கள்தான் பேசும்.

வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது

இது இப்போது பெரிய வியாதி. மகன் அம்மாவை அடிக்கும் காட்சியை மாடியிலிருந்து எடுத்து, கண்ணீர் எமோஜியோடு பகிர்கிறார்கள். ஊரே திட்டுகிறது, போலீஸ் வருகிறது, மகனைக் கூட்டிப்போகிறது. சேலை விலகிக் கிடந்த தன் உருவத்தை ஊர் முழுக்கப் பார்த்தது என்பதோடு அந்த அம்மா மிச்ச நாளை ஓட்ட வேண்டும். வீடியோ சாட்சியம்தான். எடுத்ததைப் பத்திரமாக வைத்து, போலீஸிடமோ, குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரிடமோ மட்டும் கொடுங்கள்.

பத்திரத்தைப் பார்க்காமல் விடுவது

அடி வெளியே தெரியும், கையெழுத்து தெரியாது. “பென்ஷனுக்கு ஒரு கையெழுத்து வேணும்” என்று காரில் கூட்டிப்போய்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். உதவப் போகிறவர் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்தாலே போதும், வீடு யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உயிலும் செட்டில்மென்ட்டும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும், “மனசு மாறிடுச்சு” என்று தானாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. அதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆவது பிரிவு இருக்கிறது. பராமரிப்பதாகச் சொல்லி சொத்தை வாங்கியவர் பராமரிக்காவிட்டால் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும். ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைக் காட்டியாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம் 2022இல். முதியோர் பக்கம் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது 2025 ஜனவரியில். அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், வெளிப்படையாக எழுதாவிட்டாலும் அன்பும் அக்கறையுமே உள்ளடங்கிய நிபந்தனைதான் என்றது. இருந்தாலும், இனிமேல் எழுதப் போகிறவர் அந்த வரியையும், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்தில் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். எழுதாமலே இருப்பது அதைவிட நல்லது என்பது என் கருத்து.

புகாரை நாமே முடிவு செய்வது

“இவனைச் சும்மா விடக்கூடாது” என்று கொதிப்பது நாம். பெரியவருக்குப் பெரும்பாலும் மகன் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அடி நின்றால் போதும். இதைக் கேட்டு, “உங்களுக்காக இவ்வளவு அலைஞ்சேன், நீங்களே பின்வாங்குறீங்களே” என்று கோபித்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். போலீஸுக்கும் பொறுமைக்கும் நடுவில் வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லி, தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடம் விடுங்கள்.

ஜீவனாம்சம் வேண்டுமா? 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். அதற்குள் இடைக்காலத் தொகையும் கேட்கலாம். நடக்க முடியாதவர் வேறொருவருக்கு அதிகாரம் கொடுத்து மனு போடலாம். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரையே இந்தச் சட்டம் ‘பிள்ளைகள்’ என்கிறது. மருமகளை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டால் மனு நிற்காது. பிள்ளை இல்லாதவர், தன் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர்மீது போடலாம்.

பெண் என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் இருக்கிறது. அது இளம் மனைவிகளுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தாய், மாமியார், பாட்டி எல்லோரும் அதில் வருவார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் ‘வயதுவந்த ஆண்’ என்ற சொற்களை நீக்கியதால் கொடுமை செய்யும் பெண்மீதும் மனு போடலாம். அக்கம்பக்கத்தார்கூடப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவருக்கு அதனால் சட்டச் சிக்கல் வராது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

உயிருக்கு ஆபத்து என்றாலோ, தனக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை என்றாலோ சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

முதியோர் இல்லத்தை முதல் தீர்வாகச் சொல்லாதீர்கள். தன் பெயரில் இருக்கும் வீட்டை விட்டு, ஐம்பது வருஷமாக விளக்கேற்றிய சாமி படத்தை விட்டு, அடி வாங்கியவர் ஏன் கிளம்ப வேண்டும்? அவரே விரும்பினால் சரி. கேட்காமல் இடம் பார்த்து, அட்வான்ஸும் கட்டிவிட்டு வந்து நிற்காதீர்கள்.

ஒருமுறை “வேண்டாம்ப்பா” என்றார் என்பதற்காக அங்கே போய்வருவதை நிறுத்திவிடக்கூடாது. கொடுமை செய்பவருக்கு வேண்டியது அதுதான், பெரியவரைத் தேடி யாரும் வரக்கூடாது. கொழுக்கட்டை கொடுக்க, கீரை வாங்கித் தர என்று எதையாவது சாக்கு வைத்துப் போய்க்கொண்டே இருங்கள். அவருடைய பட்டன் போனில் முதியோர் உதவி எண் 14567ஐ ‘கேஸ் சிலிண்டர்’ மாதிரி ஏதாவது ஒரு பெயரில் பதிந்து கொடுக்கலாம், பெண்களுக்கு 181ஐயும் சேர்த்து. 14567 காலை 8 மணியிலிருந்து இரவு 8 வரைதான். அதற்குமேல் அவசரம் என்றால் 112.