'பேங்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

பணம் போடும் இடமும் பேங்க், ஆற்றங்கரையும் பேங்க். சுவிட்சுகள் வரிசையாக இருந்தால் அதுவும் பேங்க். இவற்றை மனப்பாடம் செய்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேரைப் பிடித்துவிட்டால் பொருள்கள் தாமாகவே மனதில் தங்கும்.

படி 1: எண்ணைப் பாருங்கள்

தமிழில் எண்ணைக் குறிக்கும் ஆறும் ஓடுகிற ஆறும் எழுத்தில் ஒன்று, சொல்லாக வேறு. இப்படிப்பட்டவற்றை ஆங்கில அகராதிகள் தலைச்சொல்லுக்கு அருகே 1, 2 என்று சிறிய எண் போட்டுப் பிரிக்கும். 'பேங்க்' பல அகராதிகளில் மூன்றாகப் பிரிந்திருக்கும்: கரை, பணம், வரிசை.

படி 2: பிறப்பு வரலாற்றைப் படியுங்கள்

பொதுவாக இது பதிவின் கடைசியிலோ தொடக்கத்திலோ சதுர அடைப்புக்குள் இருக்கும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், புதையலே இங்கேதான். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அது எழுத்தில் கிடைக்காத, மொழியியலாளர்கள் ஊகித்து மீட்ட வடிவம் என்று பொருள்.

கரையைக் குறிக்கும் பேங்க், ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மேடு என்பதுதான் அதன் கரு. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதையும், தணல் அணையாமல் இருக்கச் சாம்பலைக் குவித்து மூடுவதையும் பேங்க் என்று சொல்வது இந்தச் சரிவு, குவியல் என்ற எண்ணத்திலிருந்துதான்.

பணத்துக்கான பேங்க், இத்தாலிய 'பாங்கா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பாங்கா என்றால் நாணயம் மாற்றுவோரின் பலகை. வரிசை என்ற பொருளோ, படகில் துடுப்புப் போடுவோர் உட்காரும் பலகையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கிளைத்தது.

படி 3: உறவுக்காரச் சொற்களைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. மேலே சொன்ன மூன்றையும் பின்னோக்கித் தொடர்ந்தால், பழைய ஜெர்மானிய வேர் ஒன்றில் போய்ச் சேர்கின்றன. நாம் தினமும் சொல்லும் பெஞ்சும் அதே வேரில் பிறந்ததுதான்! திவாலைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்', உடைந்த பலகை என்ற பொருள்படும் இத்தாலியத் தொடரான 'பாங்கா ரொட்டா'விலிருந்து வந்தது. விருந்தைச் சொல்லும் 'பேங்க்வெட்' என்பதன் பழைய பொருள் சின்ன பெஞ்சு.

படி 4: பொருள் எப்படி விரிந்தது என்று கேளுங்கள்

1937இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் ரத்தத்தைச் சேமித்து வைக்கும் இடத்துக்கு மருத்துவர் பெர்னார்ட் ஃபேன்டஸ் 'பிளட் பேங்க்' என்று பெயர் வைத்தார். பணம் போய்விட்டது, சேமிப்பு என்ற எண்ணம் மட்டும் நின்றது.

சரி, இனி நீங்களே 'மேட்ச்' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். தீக்குச்சியைக் குறிப்பது, விளக்குத்திரி என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. போட்டியைக் குறிப்பதோ இணை, ஜோடி என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. பேங்க் போல இவை ஒரு வேரில் போய்ச் சேர்வதில்லை. எழுத்தொற்றுமையை மட்டும் நம்பி இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.