மலைப் பள்ளத்தாக்கில் ஒயின் திராட்சை: குளிர் இறங்கும் வழியை முதலில் பாருங்கள்

கொடிகளுக்கு மூன்றாவது வருடம். தளிர் ஒரு விரல் நீளம் வந்திருந்தது. விடிகாலையில் போய்ப் பார்த்தால், கீழ் வரிசைகளில் தளிரெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதே சரிவில் பத்து மீட்டர் உயரத்தில் இருந்த வரிசைகளில் ஓர் இலைகூட வாடவில்லை. ஒரே ரகம், ஒரே மண், ஒரே கவனிப்பு. கெடுத்தது உறைபனி. நான் தேர்ந்தெடுத்த இடமும், கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) நாளும் அதற்கு வழிவிட்டிருந்தன. அதனால் அந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: இடம்

மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும் என்று படித்துவிட்டு, அடிவாரம்தான் பாதுகாப்பு என்று நினைத்தேன். காற்றில்லாத தெளிந்த இரவில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும்.

நிலத்தை முடிவு செய்வதற்கு முன் ஒரு வருடமாவது ஒதுக்குங்கள். அடி, நடு, மேல் என மூன்று இடங்களில், குறைந்தபட்ச வெப்பத்தைப் பதியும் தெர்மாமீட்டரைக் கட்டி, தினமும் குறித்து வையுங்கள். அந்தி நேரத்தில் கொஞ்சம் ஈரப்புல்லைப் பாதுகாப்பாகக் கொளுத்திப் புகை போகும் திசையைப் பாருங்கள். எங்கள் நிலத்தில் அது தரையோடு தரையாக இறங்கி, கீழே இருந்த வேலிப் புதரில் முட்டி அப்படியே நின்றது. அணைபோல் இருந்த அந்தப் புதரில் இரண்டு இடங்களில் திறப்பு வெட்டிய பிறகு கீழ்ப்பகுதியின் குளிர் குறைந்தது.

சரிவின் நடுப்பகுதியும், நாளெல்லாம் வெயில் விழும் முகமும் கிடைத்தால் விடாதீர்கள். வட கோளத்தில் தெற்கு பார்த்த சரிவு, தென் கோளத்தில் வடக்கு பார்த்த சரிவு. சுவிட்சர்லாந்தின் விஸ்பர்டெர்மினெனில் 1,100 மீட்டர் உயரத்திலும் ஒயின் திராட்சை விளைகிறது. தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவும் கற்சுவர்ப் படிகளும் அதற்குக் கைகொடுக்கின்றன.

படி 2: ரகமும் வேர்ச்செடியும்

வளரும் பருவத்தின் 7 மாதங்களுக்கும் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்து 10 டிகிரியைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டுங்கள். 1,400-க்குக் கீழே வந்தால் உங்களுடையது குளிர்ப் பகுதி. பினோ நுவார், ஷார்டனே போல முன்னதாகப் பழுக்கும் ரகங்களைப் பாருங்கள். ஷார்டனே சீக்கிரம் துளிர்ப்பதால் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். ரீஸ்லிங் தாமதமாகத் துளிர்க்கும், ஆனால் பழுக்கவும் நாளாகும். போக்குவரத்து கடினமான இடத்தில், நோய் தாங்கும் சோலாரிஸ் போன்ற கலப்பினங்களுக்கே என் ஓட்டு. மருந்து மூட்டையைச் சுமந்து ஏறும் வேலை பாதி குறையும்.

ஒட்டு நாற்றையே வாங்குங்கள்: வேர் தரும் ஒரு செடியின் (வேர்ச்செடி) மேல் நமக்கு வேண்டிய ரகத்தின் கொடியை ஒட்டிய நாற்று. 1860-களில் ஐரோப்பாவுக்குள் நுழைந்த பிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அங்கிருந்த தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியதுதான் மீட்டது. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். கடுங்குளிருக்கு மண் அணைத்தால், துளிர்க்கும் பருவத்தில் மறக்காமல் விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மேல்கொடியே வேர் விடும்.

நடுவதையும் கம்பி கட்டுவதையும் நீட்ட வேண்டியதில்லை. வரிசைக்கு 2 மீட்டர், செடிக்கு 1 மீட்டர் இடைவெளி எனக்குச் சரிவருகிறது. முதல் இரண்டு வருடம் வரும் காய்க்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள்.

படி 3: கவாத்து

கடுங்குளிர் காலத்தில் கை ஓய்வாக இருந்ததால், எல்லாக் கொடியையும் இரண்டு மொட்டுக்கு வெட்டி முடித்திருந்தேன். கறுத்த தளிர்களில் பாதி அந்த அவசரத்தால் போனவை.

நிமிர்ந்து நிற்கும் நீண்ட கொடியில் நுனி மொட்டுதான் முதலில் விழிக்கும். அது அடிமொட்டுகளை அடக்கி வைக்கும். எனவே குளிர்காலத்தில் வேண்டாத கிளைகளை மட்டும் எடுத்துவிட்டு, வேண்டியவற்றை நீளமாக, நிமிர்த்தியே விடுங்கள். படுக்கைவாட்டில் கட்டினால் இந்த அடக்கம் போய்விடும். நுனியில் இரண்டு மூன்று இலை விரிந்ததும், அடியில் இரண்டு மொட்டு விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். துளிர்ப்பு ஒரு வாரத்துக்கு மேல்கூடத் தள்ளிப்போகும். அதற்கும் மேலே தாமதித்தால் கொடியின் சேமிப்பு வீணாகும்.

அப்போது வெட்டுவாயில் நீர் சொட்டுச் சொட்டாக வடியும். முதல் தடவை பார்த்துப் பதறி மெழுகு தேடி ஓடினேன். தேவையே இல்லை, கொடிக்கு ஒன்றும் ஆகாது.

அலகுகள் ஒன்றையொன்று தாண்டிப்போகும் கத்தரியையே வாங்குங்கள். தட்டையான பலகைமேல் வெட்டும் வகை கொடியை நசுக்கும்.

படி 4: மண்ணும் நோயும்

வரிசை நடுவே கிளோவர் என்ற பயறினத் தீவனச் செடியை விதைத்தால் சரிவு மண் அரிக்காது, தழைச்சத்தும் சேரும். துளிர்க்கும் நேரத்தில் மட்டும் அதை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஈரமான வெறும் மண் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் விடும், உயர்ந்த புல் அதைத் தடுக்கும்.

இலையின் அடியில் வெள்ளைப் பூசணம் படியும் அடிச்சாம்பல் நோய்க்கு மூன்று 10 என்று நினைவில் வையுங்கள்: தளிர் 10 செ.மீ., வெப்பம் 10 டிகிரி, மழை 10 மி.மீ. மூன்றும் சேர்ந்தால் தொற்று தொடங்கலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள செம்பு மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 வருடத்தில் 28 கிலோ என்று வரம்பு வைத்திருப்பது அதனால்தான். காய்க்கொத்தைச் சுற்றி இலை கிள்ளிக் காற்றோட்டம் தருவதை முதலில் செய்யுங்கள். இலைமேல் மாவு தூவியதுபோல் படியும் சாம்பல் நோய் வேறு, அதற்குக் கந்தகம் போதும். வெப்பம் 30 டிகிரி தாண்டும் நாளில் தெளித்தால் இலை கருகும்.

படி 5: அறுவடை

சாற்றின் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 22 பிரிக்ஸ் (சர்க்கரை அளவின் அலகு) வந்தால் ஏறக்குறைய 12 முதல் 13 சதவீத ஆல்கஹாலுக்கான சர்க்கரை சேர்ந்துவிட்டது. மலையில் அது மட்டும் போதாது. குளிர்ந்த இரவுகள் புளிப்பைக் குறையவிடாது. வரிசைக்குப் பத்துப் பழமாவது பறித்து மெல்லுங்கள். விதை பழுப்பாகி, கடித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். பச்சையாக இருந்தால் பொறுங்கள்.

பின்சேர்க்கை

உறைபனி இரவில் நீர் தெளிக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நீர் உறையும்போது விடும் வெப்பம் தளிரைக் காக்கும். ஆனால் மணிக்கு 3 மி.மீ. என்றால் ஹெக்டேருக்கு மணிக்கு 30,000 லிட்டர். பனிக்கட்டி உருகும் வரை நிறுத்தவும் கூடாது, பாதியில் நின்றால் சேதம் கூடும். சிறு ஊற்றை நம்பியிருப்பவர்கள் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இன்னொருவர், கருகிய தளிரை உடனே வெட்டணுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். ஒவ்வொரு கண்ணிலும் முதல் மொட்டுக்குப் பக்கத்திலேயே மாற்று மொட்டுகள் உறங்குகின்றன. இரண்டு வாரம் விடுங்கள். எது விழிக்கிறது என்று தெரிந்தபின் கத்தரியை எடுங்கள். அந்த வருடம் காய் குறையும், கொடி பிழைத்துவிடும்.