மழைக்கு முன் ஒரு கூட்டம்: மனக்காயம் பற்றி ஊரோடு பேசும் முறை

கடலூர், புதுச்சேரிக் கரையோரம் 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என ஒன்றன்மேல் ஒன்றாக அடிவாங்கியிருக்கிறது. ஐப்பசியில் காற்று திரும்பினாலே தூக்கம் கெடுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. உடம்பு ஏன் அப்படிச் செய்கிறது என்று விளக்கவும், அடுத்த புயலில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்யவும்தான் இந்தக் கூட்டம். அன்று என்ன நடந்தது என்று யாரையும் சொல்லவைக்கக் கூடாது.

மீனவ ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் வசதி. விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். பண்ருட்டிப் பக்கம் அப்போது முந்திரி, பலா வேலை; அங்கே ஆவணி சரி. மீன் விற்கப் போன பெண்களும் திரும்பியிருக்க, மாலை நாலரைக்குத் தொடங்குங்கள். சுனாமி வந்த நாளான டிசம்பர் 26-ஐ ஒட்டி முதல் கூட்டத்தை வைக்க வேண்டாம். எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் நுழையும் பள்ளிக்கூடமோ அங்கன்வாடியோ போதும். இரண்டாவது கூட்டத்தைப் புயல் பாதுகாப்பு மையத்தில் வையுங்கள். பழகிய இடமானால் எச்சரிக்கை வரும்போது கால் தயங்காது.

ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் சொல்லிவிட்டு, மகளிர் குழு வழியாக வீடு வீடாக அழையுங்கள். 'மனநலம்' என்று ஆரம்பித்தால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். "மழைக்காலத்துப் பயத்தைப் பத்திப் பேசப் போறோம்" என்றால் புரியும். நிவாரணம் கிடையாது, கணக்கெடுப்பும் இல்லை என்பதை அப்போதே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாதிப்பேர் ஆதார் நகலோடு வந்து ஏமாந்து திரும்புவார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

ஒரு கூட்டத்துக்கு 12 முதல் 15 பேர், ஒன்றரை மணி நேரம். வட்டமாகப் பாய் போடுங்கள், மூட்டுவலிக்காரர்களுக்கு நாலு நாற்காலி. கதவு திறந்தே இருக்கட்டும். நடத்த இருவர் வேண்டும்: ஒருவர் பேச, மற்றவர் முகங்களைக் கவனிக்க. குழந்தைகளுக்குத் தனியாக விளையாட்டு. செல்போன் படம் கூடாது, சுனாமி வீடியோ கூடவே கூடாது.

முதல் 10 நிமிடம் டீ. அடுத்த 20 நிமிடம் விளக்கம்: நெஞ்சு படபடப்பு, திடுக்கிட்டு விழிப்பது, சட்டென்று கோபம், கடற்கரைப் பக்கமே போகாமல் இருப்பது, குடி கூடுவது. ஆபத்திலிருந்து தப்பிக்க உடம்பு கற்றுக்கொண்டது இது. ஆபத்து போன பிறகும் உடம்பின் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் வேலையோ தூக்கமோ கெட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிறகு 5 நிமிடம் மூச்சு. பாதம் தரையில் பதிய, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், மூச்சை அடக்கவும் சொல்லாதீர்கள். தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவருக்கு அதுவே பழையதைக் கிளறும். சுற்றிலும் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வது அவர்களுக்கு ஏற்றது.

வழக்கமாகக் கெடுவது இந்த இடத்தில்தான். "எல்லாத்தையும் கொட்டிடுங்க, மனசு லேசாகும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகும், கேட்டவர்களும் அன்றிரவு தூங்கமாட்டார்கள். தானாக ஒருவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள், தோண்டாதீர்கள். அழுதால் "அழாதே" என்று சொல்லாமல், கவனிக்கும் நபர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கட்டும். வெளியே போக விரும்பினால் கூடவே போகட்டும்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால், அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வளராது. தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்தும்படி வீட்டாரிடம் சொல்லி, அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். டெலிமானஸ் என்ற இந்தச் சேவை இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 108. புதுச்சேரிப் பக்கத்தவர்களுக்கு ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரில் மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் எந்த நாளில் எங்கே இருப்பார் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

மீதி நேரம் முழுவதும் ஜோடி சேர்ப்பதற்கு. ஒவ்வொரு வீடும் பக்கத்து வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும். முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், தனியாக இருப்பவர்கள் விடுபடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். மனநோய், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு வார மாத்திரையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்க வேண்டும். வெள்ளத்தில் மாத்திரை நின்றால் நோய் திரும்பும். மாத்திரை விவரம் அந்தந்த வீட்டோடு இருக்கட்டும், ஊர் நோட்டில் எழுத வேண்டாம். நோட்டும் அதன் நகலும் இருவர் வீட்டில், அதில் ஒன்று மாடி வீடாக இருக்கட்டும்.