இங்கிலீஷ் சென்டன்ஸ் வகைகளை குழப்பமில்லாம கத்துக்கிறது எப்படி

இங்கிலீஷ் கிராமர் படிக்க ஆரம்பிக்கிற நிறைய பேர் சென்டன்ஸ் வகைகள்ல வந்து நின்னுடறாங்க. ஒரு புக்ல நாலு வகைன்னு இருக்கும், இன்னொரு புக்ல அஞ்சுன்னு இருக்கும், வேற ஒரு வீடியோவ பாத்தா சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ்னு மூணுதான்னு சொல்லுவாங்க, எத நம்புறதுன்னே தெரியாது. எல்லாமே சரிதாங்க. ஒரே சென்டன்ஸ ரெண்டு தனித்தனி கேள்வி கேட்டு பிரிக்கிறாங்க, அந்த ரெண்டையும் ஒன்னா கலந்து மனப்பாடம் பண்றதுனாலதான் இவ்ளோ குழப்பமும்.

முதல் கேள்வி, இந்த சென்டன்ஸ் என்ன வேலை செய்யுது? தகவல் சொல்லுதா, கேள்வி கேக்குதா, ஏதாவது செய்யச் சொல்லுதா, உணர்ச்சிய கொட்டுதா. ரெண்டாவது கேள்வி, இது எப்படி கட்டியிருக்கு? உள்ள எத்தனை கிளாஸ் (clause, சப்ஜெக்ட்டும் வெர்ப்பும் சேந்த துண்டு) இருக்கு, அதெல்லாம் எப்படி சேந்திருக்கு. எந்த சென்டன்ஸ எடுத்தாலும் ரெண்டு கேள்விக்கும் ஒவ்வொரு பதில் இருக்கும். "வேர் டிட் யூ கோ?" வேலையில இன்டெராகேட்டிவ், அதாவது கேள்வி, கட்டமைப்புல சிம்பிள், அதாவது ஒரே கிளாஸ், ரெண்டும் சேந்தே இருக்கும், ஒன்னு இருந்தா இன்னொன்னு இல்லைன்னு ஆகாது.

முதல்ல வேலைய வச்சு பிரிக்கிறத பாத்துடலாம், இது சீக்கிரம் பிடிபடும். தகவல் சொல்றது டிக்ளரேட்டிவ், சில புக்ல அசெர்ட்டிவ்னு போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒன்னுதான். "ஷீ லைக்ஸ் மியூசிக்", "ஹி டஸ் நாட் ஈட் மீட்" ரெண்டுமே டிக்ளரேட்டிவ், இல்லைன்னு சொன்னாலும் அது தகவல்தானே, நெகட்டிவ்ங்கறத தனி வகையா எண்ணிக்க வேண்டாம்.

இன்டெராகேட்டிவ்லதான் நம்ம கொஞ்சம் நின்னு பாக்கணும். தமிழ்ல "வந்தான்"னு இருக்கறத "வந்தானா"ன்னு மாத்துனா கேள்வி ரெடி, வார்த்தைங்க இருந்த இடத்துலயே இருக்கும். இங்கிலீஷ்ல ஹெல்ப்பிங் வெர்ப் சப்ஜெக்ட்டுக்கு முன்னாடி வந்தாகணும், "ஹி இஸ் கமிங்" வந்து "இஸ் ஹி கமிங்?" ஆகும், "ஷீ கேன் ஸ்விம்" வந்து "கேன் ஷீ ஸ்விம்?" ஆகும். ஹெல்ப்பிங் வெர்ப்போ இஸ், வாஸ் மாதிரி வெர்ப்போ இல்லாத சென்டன்ஸா இருந்தா டூ, டஸ், டிட் மூணுல ஒன்ன கொண்டுவரணும், கொண்டுவந்ததும் காலத்த அதுவே வாங்கிக்கும், மெயின் வெர்ப் வெறும் பேஸ் ஃபார்முக்கு திரும்பிடும். அதனால "டிட் யூ வென்ட்?" தப்பு, "டிட் யூ கோ?"தான் சரி, "டஸ் ஹி ஒர்க்ஸ்?" தப்பு, "டஸ் ஹி ஒர்க்?" சரி. இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, ஹூ, வாட் மாதிரி கேள்வி வார்த்தையே சப்ஜெக்ட்டா இருந்தா டிட் தேவையில்ல. "ஹூ புரோக் தி விண்டோ?"ன்னு நேரா கேக்கலாம், ஆனா "ஹூ டிட் யூ மீட்?"ல சப்ஜெக்ட் யூ, அதனால டிட் வேணும்.

இன்னொன்னையும் இங்கயே சொல்லிடறேன், நல்லா இங்கிலீஷ் பேசறவங்களும் இதுல தடுக்குவாங்க. "அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது"ங்கறத "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி"ன்னு சொல்றது. வேர்ங்கற வார்த்தை இருக்கறதால கேள்வின்னு நெனச்சு வெர்ப்ப முன்னாடி கொண்டுவந்துடறாங்க, ஆனா இது ஒரு தகவல், உள்ள ஒரு கேள்வி அடங்கியிருக்கு அவ்ளோதான், அதனால "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்"னு சாதாரண வரிசையில வந்து ஃபுல் ஸ்டாப்புல முடியும். "டூ யூ நோ வேர் ஹி லிவ்ஸ்?"ல கேள்விக்குறி வருது, ஏன்னா வெளிய இருக்கற "டூ யூ நோ" நிஜமான கேள்வி.

இம்பெரட்டிவ் ஈசி. வெர்ப்ல ஆரம்பிக்கும், யூங்கற சப்ஜெக்ட் மறைஞ்சிருக்கும், "க்ளோஸ் தி டோர்", "பி கேர்ஃபுல்", "டோன்ட் டச் இட்". கட்டளைன்னு பேரு இருந்தாலும் வேண்டுகோள், அறிவுரை, அழைப்பு எல்லாம் இதுக்குள்ளதான் வரும், "ப்ளீஸ் சிட் டவுன்" கூட இம்பெரட்டிவ்தான். ஆனா "குட் யூ க்ளோஸ் தி டோர்?"னு கேட்டா அர்த்தத்துல வேண்டுகோள், வடிவத்துல கேள்வி, கிராமர் கணக்குல அது இன்டெராகேட்டிவ்.

எக்ஸ்க்ளமேட்டரில கவனிக்க வேண்டியது வரிசை. தமிழ்ல "எவ்ளோ அழகா இருக்கு"ன்னு ஆச்சரியமாவும் சொல்லலாம் கேள்வியாவும் கேக்கலாம், குரல்தான் மாறும். இங்கிலீஷ்ல "ஹவ் டால் ஹி இஸ்!"னா ஆச்சரியம், "ஹவ் டால் இஸ் ஹி?"ன்னா கேள்வி. ஹவ்க்கு அப்புறம் அட்ஜெக்டிவோ அட்வெர்போ வரும், வாட்டுக்கு அப்புறம் நவுன் வரும், "வாட் எ லவ்லி வாய்ஸ் ஷீ ஹேஸ்!" மாதிரி. அஞ்சாவதா சில புக்ல சொல்ற ஆப்டேட்டிவ்ங்கறது வாழ்த்து, வேண்டுதல், "மே யூ லிவ் லாங்!" மாதிரி, அது உங்க பாடத்துல இருந்தா மட்டும் படிச்சா போதும், இல்லைன்னா நாலோட நிறுத்திக்கோங்க.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வருவோம், உழைப்ப கொட்ட வேண்டியது இங்கதான். ஏன்னா எழுத்து நல்லா வர்றதும் நீளமான சென்டன்ஸ் படிச்சு புரியறதும் இத வச்சுதான். ஒரு கிளாஸ்னா ஒரு சப்ஜெக்ட்டும் அதுக்கான ஃபைனைட் வெர்ப்பும் சேந்த ஒரு ஜோடி. ஃபைனைட் வெர்ப்னா நம்ம தமிழ் இலக்கணத்துல வினைமுற்று, காலம் காட்டி முடிஞ்சு நிக்கிற வினை. டு போட்டு வர்ற வெர்ப்பும், கூட இஸ், வாஸ் இல்லாம தனியா நிக்கிற ஐஎன்ஜி வெர்ப்பும் எச்சம் மாதிரி, அத எண்ணக்கூடாது. "ஹேஸ் பீன் வெயிட்டிங்" மாதிரி சேந்து வந்தா மொத்தமும் ஒரே வெர்ப்னு எண்ணணும்.

ஒரே ஜோடின்னா சிம்பிள் சென்டன்ஸ். நீளத்த பாத்து ஏமாறாதீங்க, "தி ஓல்ட் மேன் வித் எ பிளாக் அம்ப்ரெல்லா ஸ்டுட் நியர் தி கேட் இன் தி ஹெவி ரெயின்" எவ்ளோ நீளம், ஆனா ஸ்டுட்ங்கற ஒரு வெர்ப்தான், அதனால சிம்பிள். "ஐ நோ ஹி லைட்" (lied, அவன் பொய் சொன்னான்னு எனக்குத் தெரியும்) நாலே வார்த்தை, ஆனா ஐ நோ ஒரு ஜோடி, ஹி லைட் இன்னொரு ஜோடி, நடுவுல தட் மறைஞ்சிருக்கு, அதனால காம்ப்ளெக்ஸ்.

ரெண்டு ஜோடி சமமா நின்னா காம்பவுண்ட். சேக்கற வார்த்தைங்க ஏழுதான், ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ, முதல் எழுத்துங்கள சேத்து ஃபேன்பாய்ஸ்னு ஞாபகம் வச்சுக்குவாங்க. "ஐ கால்ட் ஹிம், பட் ஹி டிட் நாட் ஆன்சர்." ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு தனியா நிறுத்துனாலும் நிக்கும், அதுதான் டெஸ்ட். ஆனா "ஷீ சாட் டவுன் அண்ட் க்ரைட்"ல சப்ஜெக்ட் ஒன்னுதான், அதனால பெரும்பாலான கிராமர் புக்ஸ் இத சிம்பிள்னு சொல்லும், சில ஸ்கூல் புக்ஸ் காம்பவுண்ட்ல சேக்கும், பரீட்சைக்கு படிக்கறவங்க அவங்க புக் சொல்றபடியே எழுதிடுங்க.

நம்ம ஆளுங்களுக்கு இங்க ஒரு பழக்கம் உண்டு, ரெண்டு முழு சென்டன்ஸுக்கு நடுவுல வெறும் கமாவ போட்டு ஓட்டிட்டே போறது. "ஐ வாஸ் டயர்ட், ஐ வென்ட் டு பெட்"னு எழுதுனா இங்கிலீஷ்ல அது பிழை, கமா ஸ்ப்ளைஸ்னு பேரு. ஸோ சேருங்க, இல்ல ஃபுல் ஸ்டாப் வைங்க, இல்ல செமிகோலன் போடுங்க, மூணுமே சரி.

காம்ப்ளெக்ஸ்னா ஒரு கிளாஸ் மெயின், இன்னொன்னு அத நம்பி நிக்கிறது. தமிழ் தெரிஞ்சவங்க ஒரு விஷயத்த கவனிச்சா இது ரொம்ப தெளிவாயிடும். நம்ம மொழியில இந்த சார்ந்து நிக்கிற வேலையெல்லாம் வினையோட கடைசியில ஒட்டிக்கும், வந்தா, வந்தாலும், வந்ததால, வந்தப்போ, வருவான்னு. இங்கிலீஷ்ல அதே வேலைய ஒரு தனி வார்த்தை கிளாஸோட தலையில நின்னு செய்யும், இஃப், தோ, பிகாஸ், வென், தட். அதனால மனசுல தமிழ்ல ஓடுற வாக்கியத்த மாத்தும்போது வினையோட வால்ல இருக்கறத எடுத்து முன்னாடி வைங்க. "மழை பெஞ்சதால வீட்டுலயே இருந்தோம்", "வீ ஸ்டேட் அட் ஹோம் பிகாஸ் இட் ரெயின்ட்." அதே மாதிரி "நேத்து வந்த பையன்"ல விளக்கம் பையனுக்கு முன்னாடி வருது, இங்கிலீஷ்ல பையன் முதல்ல, விளக்கம் பின்னாடி, "தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே". இந்த ரெண்டு திருப்பத்தையும் வாய் பழகற வரைக்கும் சொல்லிப் பாருங்க, மீதி தானா வரும்.

பிகாஸ், இஃப் மாதிரி கிளாஸ் முன்னாடி வந்தா அதுக்கப்புறம் கமா போடணும், பின்னாடி வந்தா பெரும்பாலும் தேவையில்ல. தோ போட்டுட்டு பட் போடாதீங்க, பிகாஸ் போட்டுட்டு ஸோ போடாதீங்க, சேக்கறதுக்கு ஒன்னே போதும். "பிகாஸ் இட் ரெயின்ட்."னு அதோட நிறுத்தவும் கூடாது, மெயின் கிளாஸ் இல்லாம அது பாதியில நிக்குது.

பழகறதுக்கு யாரா இருந்தாலும் நான் சொல்ற வழி, ஒரே கருத்த மூணு கட்டமைப்புலயும் எழுதிப் பாக்கறது. "இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் ஃபீவர், ஹி வென்ட் டு ஒர்க்" சிம்பிள். "ஹி ஹேட் எ ஃபீவர், பட் ஹி வென்ட் டு ஒர்க்" காம்பவுண்ட். "தோ ஹி ஹேட் எ ஃபீவர், ஹி வென்ட் டு ஒர்க்" காம்ப்ளெக்ஸ். இன் ஸ்பைட் ஆஃப்க்கு அப்புறம் வெறும் நவுன் வருது, தோக்கு அப்புறம் முழு கிளாஸ் வருது, இத எழுதி எழுதித்தான் கை பழகும், விதிய படிச்சா மட்டும் நிக்காது. அதே மாதிரி "ஹி இஸ் டூ டயர்ட் டு வாக்" சிம்பிள், "ஹி இஸ் ஸோ டயர்ட் தட் ஹி கெனாட் வாக்" காம்ப்ளெக்ஸ். அப்புறம் நீங்க படிக்கற ஏதாவது ஒரு பாராவ எடுத்து ஃபைனைட் வெர்ப் எல்லாத்துக்கும் அடியில கோடு போடுங்க, சேக்கற வார்த்தைங்கள வட்டம் போடுங்க, அதுக்கப்புறம் வகைப் பேர எழுதுங்க, பேர முதல்ல யோசிச்சா மறுபடியும் யூகிக்கத்தான் செய்வீங்க.

ஒன்னு சேந்து போட்டுப் பாப்போம். "வென் தி லைட்ஸ் வென்ட் அவுட், தி சில்ட்ரன் ஸ்க்ரீம்ட், பட் தெயர் கிராண்ட்மதர் கெப்ட் சிங்கிங்." வென்ட், ஸ்க்ரீம்ட், கெப்ட், மூணு ஃபைனைட் வெர்ப், சிங்கிங் எச்சம் அத விட்டுடுங்க. வென் ஒரு கிளாஸ சார்ந்து நிக்க வைக்குது, பட் ரெண்டு கிளாஸ சமமா சேக்குது, ரெண்டும் இருந்தா அது காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ், மூணோட நாலாவதா சில புக்ல சேக்கறது இதத்தான். வேலைன்னு பாத்தா தகவல் சொல்லுது, அதனால டிக்ளரேட்டிவ்.