கேம் சேகரிப்பைப் பட்டியலிடுவது எப்படி? முதல் பெட்டியிலிருந்து தொடங்குவோம்

என் முதல் பட்டியல் ஒரு நோட்டுப் புத்தகம். வரிக்கு ஒரு கேமின் பெயர், அவ்வளவுதான். அதில் ஒரு வரி "ரெசிடென்ட் ஈவில் 4". ஒருநாள் பழைய கேம்கள் விற்கும் இடத்தில் அதன் பிளேஸ்டேஷன் 2 பெட்டி கண்ணில் பட்டது. நோட்டைப் புரட்டினேன். பெயர் இருக்கிறது, சரி. ஆனால் எந்த ரெசிடென்ட் ஈவில் 4? 2005 ஜனவரியில் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு இரண்டு டிஸ்க்காக வந்ததா, அதே ஆண்டின் பிற்பகுதியில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்ததா, 2007-இல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்ததா? வீட்டில் இருப்பது கேம்கியூப் பிரதிதான் என்று நினைத்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கேயும் பிளேஸ்டேஷன் 2 பெட்டி உட்கார்ந்திருந்தது.

நோட்டில் கேம் இருந்தது. என்னிடம் இருப்பது அதன் எந்தப் பிரதி என்பது இல்லை. புதிதாகப் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். எந்த ஆப் நல்லது என்று தேடுவதற்கு முன்னால் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: நாம் எழுதப்போவது கேம்களின் பெயர்களை அல்ல, கையில் இருக்கும் பொருளை.

படி 1: ஒரே ஒரு கன்சோலை எடுங்கள்

அலமாரி முழுவதையும் தரையில் இறக்காதீர்கள். இறக்கினால் பாதியில் அலுத்துப்போய், எதை எழுதினோம், எதை எழுதவில்லை என்று தெரியாமல் எல்லாம் திரும்ப மேலே ஏறிவிடும். உங்களிடம் குறைவாக இருக்கும் கன்சோல் எதுவோ, அதன் கேம்களை மட்டும் எடுங்கள். பத்துப் பதினைந்து போதும். என்னென்ன விவரம் தேவை, எது வீண் வேலை என்பது இந்தப் பதினைந்தை எழுதும்போதே புரிந்துவிடும். முந்நூறு எழுதிய பிறகு புரிந்தால் வலிக்கும்.

படி 2: எது ஒரு வரிசை என்று முடிவு செய்யுங்கள்

பிளேஸ்டேஷனுக்கு ஃபைனல் ஃபேன்டஸி VII மூன்று டிஸ்க்குகளில் வந்தது. பட்டியலில் அது ஒரு வரிசையா, மூன்றா? ஒன்றுதான், டிஸ்க் எண்ணிக்கையைத் தனியாகக் குறித்தால் போதும். 2007-இல் வந்த தி ஆரஞ்சு பாக்ஸுக்குள் போர்ட்டல், ஹாஃப்-லைஃப் 2 உட்பட ஐந்து கேம்கள். அதுவும் ஒரு வரிசைதான், உள்ளே இருப்பவை குறிப்பில் வரட்டும். ஒரே கேம் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தால் மட்டும் இரண்டு வரிசை. கன்சோல், கன்ட்ரோலர், மெமரி கார்டுக்கெல்லாம் தனி ஷீட் போட்டுவிடுங்கள். கேம்களோடு கலந்தால் எண்ணிக்கை குழம்பும்.

ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண் கொடுங்கள். 0001, 0002 என்று வந்த வரிசையில் போனால் போதும். கன்சோல், ஆண்டு, எழுத்து எல்லாவற்றையும் எண்ணுக்குள் திணித்து அழகான குறியீடு உருவாக்கும் ஆசை வரும். வேண்டாம். அந்த விவரங்களுக்கெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் இருக்கப்போகின்றன.

படி 3: ஷீட்டைத் திறந்து நெடுவரிசைகளை அமையுங்கள்

கூகுள் ஷீட்ஸ், எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், எது கைக்குப் பழக்கமோ அது. எனக்கு ஷீட்டில் தொடங்குவதுதான் பிடிக்கும். ஆப் என்றால் அதைச் செய்தவர் யோசித்து வைத்த கட்டங்களுக்குள் நாம் அடங்க வேண்டும். ஷீட்டில் நம் இஷ்டம்.

எண், பெயர், வரிசைப் பெயர், கன்சோல், பிராந்தியம், தயாரிப்புக் குறியீடு, பார்கோடு, பதிப்பு, டிஸ்க் எண்ணிக்கை, பெட்டி, மேனுவல், நிலை, இருக்கும் இடம், வாங்கிய தேதி, குறிப்பு. இவ்வளவு போதும். வகை, இயக்குநர், இசையமைப்பாளர் எல்லாம் எழுத வேண்டாம். 1999-இலிருந்து இயங்கும் மோபிகேம்ஸ் மாதிரித் தளங்களில் அதெல்லாம் எப்போதும் கிடைக்கும். உங்கள் டிஸ்க்கில் எந்த இடத்தில் கீறல் என்பது மட்டும்தான் எங்கேயும் கிடைக்காது.

"வரிசைப் பெயர்" எதற்கு என்று கேட்கலாம். ஆங்கிலப் பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் ரோமன் எண்கள் தகராறு செய்யும்: ஒன்பதாம் பாகம் ஐந்தாம் பாகத்துக்கு முன்னால் போய் நிற்கும். "தி" என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். அதனால் பெட்டியில் அச்சிட்டபடி ஒரு பெயர். வரிசைப்படுத்த மட்டும் "ஃபைனல் ஃபேன்டஸி 09", "லெஜண்ட் ஆஃப் செல்டா" என்று இன்னொரு பெயர். பெட்டியில் இருக்கும் பெயரைத் திருத்தாதீர்கள். 1994-இல் அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த ஃபைனல் ஃபேன்டஸி III உண்மையில் ஜப்பானில் வெளியான ஆறாவது பாகம். பெயர் கட்டத்தில் III என்றே இருக்கட்டும், வரிசைப் பெயரில் 06 என்று போடுங்கள்.

தட்டத் தொடங்குவதற்கு முன் இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் செய்யுங்கள்.

முதலாவது, பார்கோடு நெடுவரிசையின் வடிவத்தை எண்ணிலிருந்து உரைக்கு மாற்றுவது. அமெரிக்கப் பெட்டிகளில் 12 இலக்கம், ஐரோப்பியப் பெட்டிகளில் 13 இலக்கம் இருக்கும். அமெரிக்காவில் நின்டெண்டோ வெளியிட்ட பெட்டிகளின் பார்கோடு 045496 என்று தொடங்கும். அந்தக் கட்டத்தை எண் என்று ஷீட் எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் சுழியத்தை விழுங்கிவிடும். இல்லாவிட்டால் நீளமான எண்ணைச் சுருக்கி, நடுவில் ஓர் ஆங்கில எழுத்தைப் போட்டு ஏதோ கணிதச் சூத்திரம் மாதிரிக் காட்டும். எண்பது பெட்டிகளை ஸ்கேன் செய்து முடித்த பிறகுதான் நான் இதைக் கவனித்தேன். எண்பதையும் திரும்ப எடுத்தேன்.

இரண்டாவது, கன்சோல், பிராந்தியம், நிலை மூன்றுக்கும் தேர்வுப் பட்டியல் வைப்பது. "பிஎஸ்2", "பிஎஸ் 2", "பிளேஸ்டேஷன் 2" என்று மூன்று விதமாகத் தட்டிவிட்டால் ஷீட்டுக்கு அவை மூன்று கன்சோல்கள். வடிகட்டிப் பார்க்கும்போது பாதி கேம்கள் காணாமல் போயிருக்கும். டேட்டா வேலிடேஷன் என்ற வசதியில் பெயர்களை ஒருமுறை கொடுத்துவிட்டால், அப்புறம் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் வேலை.

படி 4: ஒரு பெட்டியைத் திறந்து முழுதாக எழுதுங்கள்

பிளேஸ்டேஷனுக்கு வந்த அமெரிக்கப் பதிப்பு ஃபைனல் ஃபேன்டஸி VII ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் முதுகைப் பாருங்கள். எஸ்சியுஎஸ்-94163 என்று ஒரு குறியீடு இருக்கும். அதுதான் தயாரிப்புக் குறியீடு. எஸ்சியுஎஸ், எஸ்எல்யுஎஸ் என்றால் அமெரிக்கா. கடைசி இரண்டு எழுத்துகள் ஈஎஸ் என்றால் ஐரோப்பா, பிஎஸ் என்றால் ஜப்பான். ஆக, குறியீட்டைப் பார்த்ததும் பிராந்தியமும் தெரிந்துவிடுகிறது. உள்ளே டிஸ்க்குகளில் 94163, 94164, 94165 என்று அடுத்தடுத்த எண்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ வேறொரு பெட்டியின் டிஸ்க்கைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்தது பதிப்பு. ஓரத்தில் பச்சைப் பட்டை இருந்தால் அது கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் மறுபதிப்பு. கறுப்புப் பட்டை என்றால் அசல் வெளியீடு. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அசல் வெளியீட்டின் சில பிரதிகளில் பின்னட்டையில் "மாஸ்டர்பீஸ்" என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் இரண்டு எழுத்துகள் இடம் மாறி அச்சாகிவிட்டன. பிழை உள்ளது, பிழை இல்லாதது என்று சேகரிப்பாளர்கள் இரண்டையும் பிரித்தே பேசுவார்கள். இதெல்லாம் பதிப்புக் கட்டத்துக்குப் போகும். மேனுவல் உண்டு, பின்னட்டை உண்டு, இரண்டாவது டிஸ்க்கில் விளிம்போரம் மெல்லிய கீறல். முடிந்தது. முதல் பெட்டிக்குப் பத்து நிமிடம் ஆகும், பத்தாவது பெட்டிக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது.

பெட்டி இல்லாத கார்ட்ரிட்ஜ்களில் பார்கோடு இருக்காது. முன் ஸ்டிக்கரில் இருக்கும் சின்ன எழுத்துகளைப் பாருங்கள். நின்டெண்டோவில் டிஎம்ஜி என்றால் கேம்பாய், ஏஜிபி என்றால் கேம்பாய் அட்வான்ஸ், என்டிஆர் என்றால் டிஎஸ். குறியீட்டின் கடைசியில் இருக்கும் மூன்று எழுத்துகள் பிராந்தியம்.

படி 5: நிலையும் படமும்

சேகரிப்பாளர்கள் மூன்று சொற்களைப் புழங்குகிறார்கள்: லூஸ் (டிஸ்க்கோ கார்ட்ரிட்ஜோ மட்டும்), சிஐபி (பெட்டி, மேனுவல் எல்லாம் முழுதாக), சீல்டு (பிரிக்காதது). தொடக்கத்துக்கு இந்த மூன்றும் குறிப்புக் கட்டமும் போதும். பத்துக்கு எட்டரை என்று மதிப்பெண் போடாதீர்கள்; அடுத்த மாதம் அதே பெட்டிக்கு நீங்களே ஏழுதான் போடுவீர்கள்.

படம் எடுப்பதென்றால் முன்பக்கம், பின்பக்கம், டிஸ்க்கின் அடிப்பக்கம். அடிப்பக்கத்தைச் சாய்த்து, விளக்கொளி பட்டுக் கீறல் தெரிகிற மாதிரி எடுங்கள். கோப்பின் பெயர் வரிசை எண்ணாகவே இருக்கட்டும்: 0017-1, 0017-2. ஷீட்டுக்குள் படத்தை ஒட்டினால் திறப்பதற்கே நேரம் எடுக்கும், அதனால் படங்கள் தனி ஃபோல்டரில்.

பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் "பேட்டரி" என்று ஒரு கட்டத்தைக் கூடுதலாகப் போடலாம். போகிமான் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்களில் சேவ் தங்கியிருப்பதே உள்ளே இருக்கும் சிஆர்2025 பேட்டரியின் தயவில்தான். அது தீர்ந்தால் சேவும் போச்சு. போகிமான் ரூபி, சஃபையரில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். தீர்ந்தாலும் சேவ் பத்திரமாக இருக்கும். எதை எப்போது மாற்றினோம் என்று தேதி போட்டு வைத்தால் பின்னால் உதவும்.

படி 6: இப்போது ஆப் பார்க்கலாம்

சிஎல்இஸட் கேம்ஸ் ஆப்பில் போன் கேமராவால் பார்கோடை ஸ்கேன் செய்தால் அட்டைப்படமும் விவரமும் தானே வந்துவிடும். பெட்டிகள் நிறைய இருந்தால் நேரம் மிச்சம், ஆனால் சந்தா கட்ட வேண்டும். கேம்ஐ என்ற ஆப்பும் சேகரிப்பாளர்களுக்கென்றே செய்ததுதான். பிரைஸ்சார்ட்டிங் தளம் லூஸ், முழுது, புதியது என்று பிரித்து விலை காட்டும். அதிலேயே சேகரிப்பையும் பதிந்து வைக்கலாம். பேக்லாக்ட் வேறு ரகம். எதை விளையாடினோம், எது பாக்கி என்பதற்கு அருமையான தளம். கையில் இருக்கும் பிரதியைப் பதிவு செய்ய அது தோதுப்படாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து கேம்களைச் சேர்த்து, சிஎஸ்வி கோப்பாக (எந்த ஷீட்டிலும் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்பு) வெளியே எடுத்துப் பாருங்கள். வெளியே வரவில்லையா? அந்த ஆப் நமக்கு வேண்டாம். வந்தால், பிராந்தியமும் உங்கள் குறிப்புகளும் கூடவே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழோ ஜப்பானிய எழுத்தோ கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கோப்பைத் திறக்கும்போது எழுத்துக் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்கேன் செய்து வந்த பதிப்பு உங்கள் கையில் இருப்பதுதானா என்பதையும் சரிபாருங்கள். பார்கோடு ஒன்றாக இருந்தும் அச்சு வேறாக இருப்பதுண்டு.

படி 7: பெட்டி இல்லாத கேம்கள்

கணினியில் ஸ்டீம், காக், எபிக் என்று பல இணையக் கடைகளில் சிதறிக் கிடப்பவற்றை பிளேநைட் என்ற மென்பொருள் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். இலவசம், விண்டோஸில் இயங்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதில்லை.

கன்சோல்களில் டவுன்லோட் செய்தவற்றைத்தான் கையால் எழுதி வைக்க வேண்டும். வீ கன்சோலின் இணையக் கடையான வீ ஷாப் சேனல் 2019 ஜனவரியில் மூடியது. 3டிஎஸ், வீ யூ கடைகளில் 2023 மார்ச்சுக்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் போனது. எந்தக் கேம் எந்தக் கணக்கில், எந்தக் கன்சோலில் இறக்கியிருக்கிறது என்று இரண்டு கட்டம் போடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் ஷீட்டில் எழுதாதீர்கள். ஸ்விட்ச் 2-இல் கேம்-கீ கார்டு என்று ஒன்று வந்திருக்கிறது: பெட்டி உண்டு, கார்டு உண்டு, கேம் மட்டும் கார்டில் இல்லை, இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பதிப்புக் கட்டத்தில் அதைத் தவறாமல் குறியுங்கள்.

படி 8: பட்டியலை உயிரோடு வைத்திருங்கள்

எழுதாத கேம் அலமாரி ஏறக் கூடாது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். என் மேசையில் அதற்கென்றே ஒரு தட்டு இருக்கிறது. அதிலிருந்து எழுதி முடித்துத்தான் உள்ளே போகும். மாதம் ஒருமுறை சிஎஸ்வி பிரதி ஒன்றை எடுத்து, தேதியோடு பெயர் வைத்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். போனிலும் ஒரு பிரதி வேண்டும், வாங்கப் போகும்போது கையில் இருப்பது அதுதானே.

விற்ற கேமின் வரிசையை அழிக்காதீர்கள். "விற்றது" என்று மாற்றினால் போதும், அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவும் வேண்டாம். இரவல் கொடுத்தால் யாருக்கு, என்றைக்கு என்று எழுதுங்கள். என் பட்டியலில் 0041-க்கு நேராகத் தேதி தெளிவாக இருக்கிறது. யாருக்கு என்ற கட்டத்தில் "திங்கட்கிழமை தந்துவிடுவான்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.